புத்தகப் பட்டியலை எதில் எழுதுவது? நோட்டு, குட்ரீட்ஸ், லைப்ரரிதிங், எக்செல்

கோத்தகிரியில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். ஐயா என்றுதான் அவரை அழைப்பேன். நாற்பது ஆண்டுகளில் அறுநூறு புத்தகங்கள் சேர்த்தவர். அவற்றில் பாதியாவது எப்போதும் யாரிடமாவது இரவல் போயிருக்கும். போன மாதம் குன்னூருக்கு வந்தவர் என் அலமாரிகளுக்கு முன்னால் நெடுநேரம் நின்றுவிட்டுக் கேட்டார்: "அம்மா, நானும் ஒரு பட்டியல் போடலாம் என்று இருக்கிறேன். பேத்தி குட்ரீட்ஸில் போடச் சொல்கிறாள். நீங்கள் முதலில் நோட்டில் எழுதினீர்கள், அப்புறம் கணினியில் ஏற்றினீர்கள். நான் எதில் தொடங்கட்டும்?"

அன்றைக்குத் தேநீர் ஆறும் நேரத்துக்குள் சொல்லி முடிக்க முடியவில்லை. நோட்டு, குட்ரீட்ஸ், லைப்ரரிதிங் என்ற இரண்டு புத்தக இணையதளங்கள், எக்செல் அட்டவணை ஆகிய நான்கையும் ஆண்டுக்கணக்கில் கையாண்டவள் நான். இடையில் ஒரு கைப்பேசிச் செயலியில் இருநூற்றுச் சொச்சம் புத்தகங்களை ஏற்றி, அது ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோனபோது அத்தனையையும் இழந்தும் இருக்கிறேன். ஐயாவுக்குச் சொல்ல விரும்பியதை, அவரைப் போலத் தமிழ்ப் புத்தகங்களோடு வாழ்கிற எல்லாருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

என் அலமாரியைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். எது பொருந்தும் என்பது அலமாரியைப் பொறுத்தது. என்னிடம் 1,460 புத்தகங்கள் இருக்கின்றன. ஒரு பகுதி அப்பாவுடையது. 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட லட்சக்கணக்கானவர்களில் அவரும் ஒருவர். தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பலில் வந்து, மண்டபம் முகாமில் தங்கி, தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாடு அரசு நீலகிரியில் தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார். ஒரு தகர டிரங்குப் பெட்டி நிறையப் புத்தகம் கொண்டுவந்தார். இன்னொரு பகுதி அம்மாவுடையது: வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்த தொகுதிகள், முப்பத்தொன்று. மீதியெல்லாம் தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கெழுதிய சம்பளத்தில் நான் வாங்கியவை.

அப்பாவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. புத்தகத்தைப் படித்து முடித்ததும் கடைசிப் பக்கத்தின் கீழே ஊரையும் தேதியையும் பென்சிலால் எழுதுவார். ஒரு பாரதியார் கவிதைத் தொகுப்பின் கடைசிப் பக்கத்தில் மூன்று வரிகள் இருக்கின்றன. ஹட்டன் என்று ஒன்று. அதன் கீழே மண்டபம். அதற்கும் கீழே கோத்தகிரி. ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு தேதி. இந்த மூன்று வரிகளைத்தான் நான் உரைகல்லாக வைத்துக்கொண்டேன். இந்த மூன்று வரிகளை எங்கே எழுத முடியும்? எழுதினால் பத்து ஆண்டு கழித்து அவை அங்கேயே இருக்குமா?

இந்தக் கேள்வியைக் கொஞ்சம் விரித்தால் இப்படி வரும். புத்தகம் என்ற சொல்லால் நாம் இரண்டு வெவ்வேறு பொருள்களைக் குறிக்கிறோம். ஒன்று படைப்பு, மற்றது கையில் இருக்கும் பிரதி. 'பொன்னியின் செல்வன்' ஒரு படைப்பு. 1950 அக்டோபரில் தொடங்கி வாராவாரம் மணியத்தின் ஓவியங்களோடு வெளிவந்ததை அம்மா பைண்டு செய்து வைத்திருப்பது ஒரு பிரதி. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனபின் பல பதிப்பகங்கள் போட்ட பதிப்புகளில் ஒன்றாக நான் வாங்கிய ஐந்து பாகங்கள் வேறொரு பிரதி. படித்ததை நினைவு வைத்துக்கொள்ள விரும்புகிறவருக்குப் படைப்பின் பட்டியல் போதும். சேர்த்து வைத்திருக்கிறவருக்குப் பிரதியின் பட்டியல் வேண்டும். இரண்டையும் ஒன்றென்று எண்ணித் தொடங்கியதால்தான் ஒரே வேலையை நான் நான்கு முறை செய்ய நேர்ந்தது.

நோட்டிலிருந்து தொடங்குகிறேன். 1994-இல் நானூறு பக்க நீள நோட்டு ஒன்று வாங்கினேன். வரிசை எண், தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, விலை, வாங்கிய இடம், யாரிடம் போயிருக்கிறது என்று எட்டுக் கட்டங்கள் கோடு போட்டேன். அந்த வரிசை எண்ணையே புத்தகத்தின் தலைப்புப் பக்கத்துக்குப் பின்புறம் பென்சிலால் எழுதினேன். நூலகங்களில் இதைச் சேர்க்கை எண் என்பார்கள். குன்னூர்க் கிளை நூலகத்தில் பார்த்துக் கற்றுக்கொண்டது. ஒரே தலைப்பில் இரண்டு பிரதி இருந்தாலும் எண் இரண்டாக இருக்கும், குழப்பமே வராது. இத்தனை ஆண்டுகளில் என் பட்டியல் எத்தனையோ இடம் மாறியும் பிழைத்து நிற்பதற்கு இந்த எண்தான் காரணம்.

நோட்டில் எதையும் எழுதலாம். மூன்று வரிகளும் எழுதலாம், யார் தடுக்கப் போகிறார்கள்? மின்சாரம் போனாலும், மழைக்காலத்தில் சிக்னல் மூன்று நாள் வராவிட்டாலும் அது திறக்கும். தமிழ் எழுத்தில் சிக்கலே இல்லை. ஆனால் தேடுவது கொடுமை. வாங்கிய வரிசையில்தான் பதிவுகள் இருக்கும். ஓர் ஆசிரியரின் எத்தனை நூல் இருக்கிறது என்று பார்க்க நோட்டு முழுவதையும் புரட்ட வேண்டும். சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வகுத்த நூலகவியல் விதிகள் ஐந்தில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது. நூலகங்கள் ஒவ்வொரு புத்தகத்துக்கும் தலைப்பு, ஆசிரியர், பொருள் என்று தனித்தனி அட்டை எழுதி இழுப்பறையில் அடுக்கியது அதற்காகத்தான். வீட்டில் அதைச் செய்ய யாருக்கு இயலும்?

இன்னொன்றும் உண்டு. நோட்டுக்கு இரண்டாவது நகல் கிடையாது. 2009 நவம்பர் மழையில் மலையெங்கும் மண் சரிந்தது நினைவிருக்கும். எங்கள் வீட்டுக்குச் சேதமில்லை. ஆனால் கூரைத் தகரம் ஓரிடத்தில் நெகிழ்ந்து இரவு முழுவதும் நீர் சொட்டியது, சரியாக அந்த நோட்டு இருந்த மேசையின் மேல். ஊற்றுப்பேனா மையில் எழுதியிருந்த எழுபது பக்கங்கள் நீல மேகமாகிவிட்டன. பென்சிலால் எழுதிய எண்கள் புத்தகங்களில் அப்படியே இருந்ததால், ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து மறுபடி எழுதினேன். ஒரு டிசம்பர் முழுவதும் அதற்கே போயிற்று. அதன் பிறகுதான் இணையத்தின் பக்கம் திரும்பினேன்.

குட்ரீட்ஸ் 2007-இல் பொதுமக்களுக்குத் திறந்தது. 2013-இல் அமேசான் அதை வாங்கியது. படித்தவை, படித்துக்கொண்டிருப்பவை, படிக்க விரும்புபவை என்று மூன்று தட்டுகள் முதலிலேயே இருக்கும். மேற்கொண்டு நாமும் தட்டுகள் சேர்க்கலாம். ஐந்து நட்சத்திரம், அரை நட்சத்திரம் கிடையாது. ஆண்டுக்கு இத்தனை புத்தகம் படிப்பேன் என்று இலக்கு வைத்துக்கொள்ளலாம். கூட்டம் மிகுந்த இடம் இதுதான். ஒரு நாவலைப் படித்து முடித்த இரவில் வேறு யார் படித்தார்கள், என்ன நினைத்தார்கள் என்று தேடிப் பார்க்கும் மகிழ்ச்சி இங்கேதான் கிடைத்தது. தமிழ் நாவல்களுக்கு மலேசியாவிலிருந்தும் கனடாவிலிருந்தும் எழுதியிருந்த குறிப்புகளை அங்கே படித்திருக்கிறேன். மலையில் தனியாக உட்கார்ந்து படிக்கிறவளுக்கு அது சிறிய பொருள் இல்லை.

ஆனால் குட்ரீட்ஸ் அடிப்படையில் படைப்பின் இடம். எல்லாப் பதிப்புகளின் விமர்சனங்களும் ஒரே பக்கத்தில் வந்து கொட்டும். அது அந்த இடத்தின் நோக்கத்துக்குச் சரியே. என் பிரதியில் முதுகு கிழிந்திருக்கிறதா, அப்பா எதையாவது எழுதியிருக்கிறாரா என்று கேட்பது அதன் வேலையாகத் தெரியவில்லை. தனிக்குறிப்பில் எழுதி வைக்கலாம். எழுதியதை வகை பிரித்துப் பார்க்க முடியாது. தமிழ்ப் புத்தகங்களில் ஒரே நாவல் தமிழ் எழுத்தில் ஒரு பக்கமாகவும் ஆங்கில எழுத்தில் இன்னொரு பக்கமாகவும் ஒன்றையொன்று அறியாமல் நிற்பதை அடிக்கடி பார்த்தேன். தமிழ்ப் பெயரின் முதலெழுத்து இன்னொரு தொல்லை. உ. வே. சாமிநாதையரை ஒருவர் சாமிநாதய்யர் என்றும், ஒருவர் சாமிநாத ஐயர் என்றும், ஒருவர் உ.வே.சா. என்றும் ஏற்றினால் தமிழ்த்தாத்தா நான்கு பேராகிவிடுகிறார்.

ஸ்டோரிகிராஃப் என்ற இன்னோர் இடமும் இருக்கிறது. நாடியா ஒடுனாயோ என்ற பெண் உருவாக்கியது. கால் நட்சத்திரம் வரை கொடுக்கலாம்; புத்தகத்தின் மனநிலை, வேகம் ஆகியவற்றைக் குறித்தால் அழகான வரைபடங்கள் தரும்; குட்ரீட்ஸிலிருந்து பட்டியலை அப்படியே கொண்டுபோகவும் முடியும். நான் பார்த்தவரை தமிழ் நூல்கள் குறைவு. ஆங்கிலத்தில் நிறையப் படிக்கிற இளையவர்களுக்கு அதைச் சொல்வேன். ஐயாவின் அலமாரிக்கு இல்லை.

இப்போது லைப்ரரிதிங். இதைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், நான்கில் பிரதியை மதிக்கிற இணையதளம் இது ஒன்றுதான். 2005 ஆகஸ்டில் டிம் ஸ்பால்டிங் தொடங்கியது. முன்பெல்லாம் இருநூறு புத்தகம்வரை இலவசம், அதற்கு மேல் கட்டணம். 2020-இலிருந்து எத்தனை ஏற்றினாலும் இலவசம். இங்கேயும் ஒரே படைப்பின் பதிப்புகளைச் சேர்த்துக் கட்டுவார்கள். ஆனாலும் நான் ஏற்றிய பதிவு என்னுடையதாகவே இருக்கும். தலைப்பை என் புத்தகத்தின் அட்டையில் உள்ளபடி எழுதலாம். பதிப்பகம், ஆண்டு, பக்கம், வாங்கிய நாள், படித்து முடித்த நாள், எனக்கு மட்டும் தெரியும் குறிப்பு, யாருக்கு இரவல் கொடுத்தேன் எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. அட்டையைப் படம் பிடித்து ஏற்றலாம். ஒரே நூலின் இரண்டு பிரதிகளை இரண்டு பதிவாக வைக்கலாம், ஒன்றையொன்று விழுங்காது.

இதன் தனிச்சிறப்பு, உலகெங்கும் உள்ள நூலகங்களின் பட்டியலிலிருந்து விவரத்தை நேரடியாக எடுத்துத் தருவது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் அவற்றில் முதன்மையானது. அங்கே நம் புத்தகங்கள் ஏராளமாக இருப்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அமெரிக்காவிடம் இந்தியா கோதுமை வாங்கிய காலத்தில் பி.எல். 480 என்ற சட்டத்தின்படி விலையை ரூபாயில் செலுத்தியது. அந்த ரூபாயின் ஒரு பகுதியைக் கொண்டு 1962 முதல் இந்திய மொழி நூல்களை வாங்கி அமெரிக்க நூலகங்களுக்கு அனுப்பினார்கள். நம் ஊர்க் கடைகளில் தேய்ந்து மறைந்துபோன சில நாவல்களின் விவரம் வாஷிங்டன் பட்டியலில் பக்க எண்ணோடு கிடைத்தபோது எனக்குக் கண் கலங்கியது.

கிடைக்கும், ஆனால் தமிழ் எழுத்தில் தேடினால் பல சமயம் கிடைக்காது. அந்தப் பட்டியலில் பழைய பதிவுகள் தமிழை ரோமன் எழுத்தில் எழுதியவை. மேலும் கீழும் புள்ளியும் கோடும் இட்டு ழகரம், றகரம், னகரம் எல்லாவற்றையும் நுட்பமாகப் பிரித்துக் காட்டுகிற முறை அது. சகரத்துக்கு ஆங்கில அகரவரிசையின் மூன்றாம் எழுத்தைப் போடுவார்கள். நாம் செல்வனை 'எஸ்' என்ற எழுத்தில் தேடுவோம். அவர் 'சி' என்ற எழுத்தில் இருப்பார். இந்த ஒன்று பிடிபட்ட பிறகு என் பாதி வேலை குறைந்தது. விவரத்தை எடுத்துக்கொண்டு தலைப்பைத் தமிழில் திருத்தி எழுதிவிடுவேன், ரோமன் வடிவத்தைக் குறிப்பில் வைத்துக்கொள்வேன்.

பட்டைக்கோடு இருக்கும் புத்தகம் என்றால் கைப்பேசிக் கேமராவைக் காட்டினால் போதும். பன்னாட்டுத் தரநூல் எண்ணை (ஐ.எஸ்.பி.என்.) அது படித்துவிடும். இந்திய நூல்களின் எண்ணில் 81 அல்லது 93 இருக்கும். 2007-க்கு முன் பத்து இலக்கம், அதன் பின் 978 சேர்ந்து பதின்மூன்று இலக்கம். ஆனால் இந்த வசதியை நம்பித் தமிழ் வாசகர் எவரும் முடிவெடுக்க வேண்டாம். என் 1,460-இல் இந்த எண் உள்ளவை ஐந்நூறுக்கும் குறைவு. எண்பதுகளுக்கு முந்தைய தமிழ் நூல்களில் ஏறக்குறைய எதிலும் இல்லை. பின்னால் வந்த சிறு பதிப்பகங்களிலும் பலர் போடுவதில்லை. அம்மாவின் பைண்டுகளுக்கு எண் எங்கிருந்து வரும்? கையால்தான் ஏற்ற வேண்டும். ஒரு புத்தகத்துக்கு நான்கைந்து நிமிடம் ஆகிறது. அறுநூறு புத்தகம் என்றால் ஐம்பது மணி நேரம். ஐயா இதைத் தெரிந்துகொண்டே தொடங்க வேண்டும்.

தமிழ் எழுத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், கணினியில் எங்கே பட்டியல் வைத்தாலும் இது உடன் வரும். 'மௌனம்' என்ற சொல்லைப் பலரும் ஔகாரக் குறிக்குப் பதிலாக எகரக் கொம்பும் மகரமும் ளகரமும் இட்டு 'மெளனம்' என்று தட்டச்சு செய்கிறார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கு இரண்டும் வேறு சொற்கள். ஒன்றைத் தேடினால் மற்றது வராது. ஒகரத்திலும் இதேதான். 'கொ' என்பதை ஒரே குறியாகவும் தட்டலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் தட்டலாம். தேடும் மென்பொருள் இரண்டையும் சமமாகக் கொள்ளாவிட்டால் புத்தகம் இருந்தும் இல்லை என்றே பதில் வரும். அகரவரிசையும் மாறும். கணினி ஒவ்வோர் எழுத்துக்கும் வைத்திருக்கும் யூனிகோடு எண் வரிசையில் னகரம் நகரத்தை அடுத்து உட்கார்ந்திருக்கிறது. நம் நெடுங்கணக்கிலோ அது கடைசி எழுத்து. அதனால் எண்ணை மட்டும் பார்த்து அடுக்குகிற மென்பொருளில் 'கனவு' என்று தொடங்கும் தலைப்பு, 'கப்பல்', 'கமலம்', 'கலை' எல்லாவற்றுக்கும் முன்னால் வந்து நிற்கும். காணவில்லை என்று முடிவுகட்டி இரண்டாவது பிரதி வாங்குவதற்கு முன் மேலேயும் பார்த்துவிடுங்கள்.

எக்செல் போன்ற அட்டவணைக்கு வருகிறேன். கணக்கெழுதிப் பழகிய கை என்பதால் எனக்கு இதில் ஒரு சாய்வு உண்டு. அதையும் சேர்த்து எடைபோட்டுக்கொள்ளுங்கள். அட்டவணையின் பலம், கட்டங்களை நாமே அமைக்கலாம் என்பது. மலையில் இது பெரிய காரியம். எங்கள் ஊரில் ஜூன் தொடங்கி டிசம்பர் வரை இரண்டு மழையும் மாறி மாறி வரும். கதவைத் திறந்தால் மூடுபனி அறைக்குள்ளேயே நுழையும். கெட்டி அட்டைப் புத்தகங்களில் சாம்பல் நிறத்தில் பூஞ்சணம் பிடிக்கும். பசை இருக்கும் முதுகை இராமபாணப் பூச்சி தேடி வரும். அதனால் என் அட்டவணையில் 'நிலை' என்று ஒரு கட்டம், 'கடைசியாகக் காற்றாட வைத்த நாள்' என்று ஒரு கட்டம். ஜனவரி, பிப்ரவரி வறண்ட நாட்களில் நிழலில் விரித்து வைத்து, வசம்புத் துண்டு இட்டுத் திரும்ப அடுக்குவேன். தேதிக் கட்டத்தை வரிசைப்படுத்தினால் எந்தப் புத்தகத்தின் முறை என்று உடனே தெரியும். எந்த இணையதளமும் எனக்கு இந்தக் கட்டத்தைத் தரவில்லை.

பழைய தமிழ் நூல்களைத் திறந்தால் முன்பக்கத்தில் 'நூல் விவரம்' என்று ஒரு பட்டியல் இருக்கும். நூற்பெயர், ஆசிரியர், பதிப்பு, தாளின் எடை, நூலின் அளவு, எழுத்தின் அளவு, கட்டுமானம் தையல், அச்சிட்டோர் என்று வரிவரியாக. தாளின் எடையைக் கிலோகிராமில் சொல்லி எழுத்தின் அளவைப் புள்ளியில் சொல்லும் அந்தப் பக்கத்தை எனக்கு மிகவும் பிடிக்கும். நான் பார்த்த எந்தத் தளத்திலும் இதற்கு இடமில்லை. தமிழ் அச்சு வரலாற்றில் அக்கறை உள்ளவர் அதை எங்காவது எழுதி வைக்க வேண்டும், அட்டவணையில் எழுதலாம். என் அட்டவணையில் 'பழைய எழுத்து' என்றும் ஒரு கட்டம் உண்டு. லை, னை போன்ற எழுத்துகளுக்குத் துதிக்கை போட்ட, 1978-ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவத்தில் அச்சான நூல்களைக் குறிக்க.

அட்டவணையில் மூன்று குழிகள் உண்டு. மூன்றிலும் விழுந்து எழுந்த பிறகு சொல்கிறேன். தரநூல் எண் வரும் கட்டத்தை முதலிலேயே 'எழுத்து' வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் பதின்மூன்று இலக்கத்தை அது சுருக்கி அறிவியல் முறையில் காட்டும், சுழியில் தொடங்கும் ஆங்கில நூல் எண்ணின் முதல் சுழியைத் தின்றுவிடும். இரண்டாவது, குட்ரீட்ஸிலிருந்தோ லைப்ரரிதிங்கிலிருந்தோ இறக்கிய கோப்பை எக்செல்லில் நேரே திறந்தால் தமிழெல்லாம் பொருளற்ற குறிகளாகத் தெரியலாம். கோப்பு கெட்டுவிடவில்லை. வெளிக்கோப்பைக் கொண்டுவரும் வழியில் போய், யூடிஎஃப்-8 என்ற குறியீட்டைத் தேர்ந்தெடுத்தால் தமிழ் திரும்பிவிடும். எக்செல் போன்ற இன்னொரு மென்பொருளான லிப்ரே ஆஃபிஸ் திறக்கும்போதே இந்தக் கேள்வியைக் கேட்டுவிடும், அதனால் நான் அதற்கு மாறிவிட்டேன். மூன்றாவது, ஒரு கட்டத்தை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தினால் தலைப்பு ஓரிடம், ஆசிரியர் ஓரிடம் என்று சிதறிவிடும். அட்டவணை முழுவதையும் தேர்ந்தெடுத்தே வரிசைப்படுத்த வேண்டும்.

அட்டவணை தனிமையானது என்பதும் உண்மை. அதில் யாரும் வந்து எட்டிப் பார்த்து "இதை நானும் படித்தேன்" என்று சொல்லப் போவதில்லை.

ஓப்பன் லைப்ரரியை நான்கில் ஒன்றாகக் கருதவில்லை; ஆனால் விட்டுவிட மனமில்லை. இன்டர்நெட் ஆர்க்கைவின் திட்டம் அது, ஒவ்வொரு நூலுக்கும் ஒரு பக்கம் என்ற நோக்கம். யார் வேண்டுமானாலும் விவரம் சேர்க்கலாம். சேர்த்த விவரத்தை யார் வேண்டுமானாலும் மொத்தமாக இறக்கிக்கொள்ளலாம். அதனால் என்னிடம் மட்டுமே இருக்கிறது என்று தோன்றும் நூல்களின் விவரத்தை அங்கே சேர்க்கிறேன். என் சொந்தப் பட்டியலை வைக்கும் இடமாக அதைக் கொள்ளவில்லை. 2024 அக்டோபரில் இணையத் தாக்குதலுக்கு உள்ளாகி அது பல நாட்கள் முடங்கியது. அப்பாவின் பெட்டியில் இருந்த யாழ்ப்பாண, கொழும்புப் பதிப்புகளுக்கு 2005-இல் தொடங்கிய 'நூலகம்' என்ற எண்ணிம நூலகத்தைவிட நல்ல துணை வேறில்லை. ஈழத்து நூல்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு நூலக எண், ஆசிரியர், ஆண்டு, பல நூல்களுக்கு முழுப் பக்கங்களும் அங்கே இருக்கின்றன. தலைப்புப் பக்கம் கிழிந்துபோன ஒரு சிறுகதைத் தொகுப்பின் ஆண்டை அங்கே ஒப்பிட்டுத்தான் கண்டுபிடித்தேன்.

எந்தத் தளமானாலும் ஒன்றைப் பார்த்துவிட்டே நுழைய வேண்டும்: வெளியே வருகிற வாசல் எப்படி இருக்கிறது? ஷெல்ஃபாரி என்று ஓர் இடம் இருந்தது. 2006-இல் தொடங்கி, 2008-இல் அமேசானிடம் போய், 2016-இல் மூடி குட்ரீட்ஸோடு சேர்க்கப்பட்டது. பத்து ஆண்டு. ஒரு புத்தக அலமாரியின் ஆயுளில் அது ஒன்றுமில்லை. மரவேலை சரியாக இருந்தால் அலமாரி நம் பேரப்பிள்ளைகளுக்கும் நிற்கும். குட்ரீட்ஸ் நம் பட்டியலைக் கோப்பாகத் தருகிறது. வெளிச் செயலிகள் அதன் தரவை எடுத்துப் பயன்படுத்துவதற்கான புதிய அனுமதியை 2020 டிசம்பரில் நிறுத்திவிட்டது. லைப்ரரிதிங், நூலகங்கள் கையாளும் மார்க் வடிவம் உட்பட மூன்று நான்கு வடிவங்களில் தருகிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே தளங்களில் அதை முதலிடத்தில் வைக்கிறேன். நான் இழந்த செயலியில் வெளியேறும் வாசலே இல்லை. ஏற்றுவதற்கு முன் அதை நான் கேட்டிருக்க வேண்டும்.

என் முடிவு இது. வேர் அட்டவணையில். அங்கேதான் சேர்க்கை எண், நிலை, அப்பாவின் ஊரும் தேதியும். ஆண்டுக்கு இருமுறை அதிலிருந்து லைப்ரரிதிங்குக்குப் புதியவற்றை ஏற்றுகிறேன். கோயம்புத்தூரில் கடையில் நின்றுகொண்டு ஒரு தலைப்பு என்னிடம் இருக்கிறதா என்று கைப்பேசியில் பார்க்க அது உதவுகிறது. குட்ரீட்ஸில் படித்தவற்றுக்கு மட்டும் குறிப்பு எழுதுகிறேன், கணக்கு வைப்பதற்கு அல்ல, பேசுவதற்கு. நோட்டை எறியவில்லை. இரவல் கணக்கு இன்றும் அதில்தான். வாங்கிப்போகிறவர் கையாலேயே பெயரும் தேதியும் எழுதச் சொன்னால் புத்தகம் திரும்பி வருகிறது.

எல்லாருக்கும் இதையே சொல்ல மாட்டேன். வாடகை வீடு மாறி மாறி வாழ்கிறவர், நூலகத்தில் எடுத்துப் படிக்கிறவர், மின்நூல் வாசிப்பவர் ஆகியோருக்குப் பிரதி என்ற கவலையே கிடையாது. குட்ரீட்ஸோ ஸ்டோரிகிராஃபோ போதும், அட்டவணை வீண் சுமை. நூறு புத்தகத்துக்குள் இருப்பவருக்கு நோட்டே போதும். அட்டவணையைத் தானே அமைக்க மனமில்லாமல், ஆனால் விவரமாகப் பட்டியல் வேண்டும் என்பவர் நேராக லைப்ரரிதிங்குக்குப் போகலாம். பள்ளிக்கோ ஊர் மன்றத்துக்கோ சிறு நூலகம் நடத்துகிறவர்கள் அதன் கிளையான டைனிகேட்டைப் பார்க்கலாம். பலர் பார்த்து இரவல் வாங்கும் வசதி அதில் இருக்கிறது.

ஐயாவிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் கேட்டது ஒரே கேள்விதான். "அம்மா, எனக்கு எந்தப் புத்தகம் யாரிடம் இருக்கிறது என்று தெரிந்தால் போதும். எனக்குப் பிறகு பேத்திக்கு எது அரியது, எது கடையில் கிடைப்பது என்று தெரிய வேண்டும். அவ்வளவுதான்." அவ்வளவுதான் என்று அவர் சொன்னது பெரிய வேலை. அவருக்குப் பிரதியின் பட்டியல்தான் வேண்டும். அதுவும் இரவல் முதன்மையாக. ஆகவே அவருக்கு நீள நோட்டும் அட்டவணையும் என்று முடிவு செய்தோம். நோட்டில் அவர் எழுதுவார், பேத்தி அட்டவணையில் ஏற்றுவாள், நான் 'அரியது' என்ற கட்டத்தை நிரப்ப 'நூலகம்' எண்ணிம நூலகத்திலும் காங்கிரஸ் நூலகப் பட்டியலிலும் ஒப்பிட்டுப் பார்ப்பேன். குட்ரீட்ஸ் பேத்திக்கு, அவளுடைய படிப்புக்கு.

போன ஞாயிறு கோத்தகிரி போயிருந்தேன். மதியத்துக்குள் முப்பத்தெட்டுப் புத்தகங்களுக்கு எண் இட்டோம். பேனாவை எடுத்த ஐயாவிடம் பென்சிலைக் கொடுத்தேன். மை ஈரத்தில் பரவும், பென்சில் பரவாது. முதல் எண்ணை எதற்குப் போடுவது என்று அவர் யோசித்தார். பிறகு எழுந்துபோய், பக்கத்து வீட்டில் இரவல் இருந்த ஒரு புத்தகத்தை வாங்கிவந்து அதற்குப் போட்டார். அட்டவணையின் நகலை மாதம் ஒருமுறை கோயம்புத்தூரில் இருக்கும் பேத்தியின் அம்மாவுக்கு அனுப்பிவைக்க ஏற்பாடு ஆகிவிட்டது. மலைக்கு வெளியே ஒரு நகல் இருக்க வேண்டும்.